நிச்சயதார்த்தத் தட்டில் கால்சியம்

நன்றாகத் தெரிந்தவனை நம்பலாம், ஒன்றும் தெரியாதவனையும் நம்பலாம். இரண்டு வாரம் ஆன்லைனில் படித்தவனை மட்டும் நம்பவே கூடாது. அந்த மூன்றாவது ஆள் நான்தான்.

சத்துணவு பற்றிய சான்றிதழ் கைக்கு வந்த நேரம் பார்த்து, கிள்ளானில் என் அண்ணனுக்கு நிச்சயதார்த்தம். ஏழு சீர்த்தட்டுகளுக்கு நான் பொறுப்பு. (பிரிக்ஃபீல்ட்ஸில் வீடு, எதிரிலேயே கடைகள், எனக்கு வேலைவெட்டியும் இல்லை. வேறு யாரிடம் விடுவார்கள்?)

“லட்டு, ஜிலேபி, பழம் வாங்கிடு. அதிகமா யோசிக்காத லா,” என்றார் அண்ணன், எங்கள் ஊர் ‘லா’வையும் சேர்த்து.

யோசித்தேன். ரெண்டு குடும்பம் சேருகிற நாளில் வெறும் சர்க்கரையையா கொடுப்பது? உடம்புக்கு வேண்டியது ஆறு சத்து. மாவுச்சத்துக்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு, புரதத்துக்குக் கொண்டைக்கடலை, கொழுப்புக்கு வேர்க்கடலை, விட்டமினுக்குக் கொய்யா, அப்புறம் தண்ணீர் பாட்டில்கள். தாது உப்புக்கு? முள்ளோடு சாப்பிடுகிற சின்ன மீனில் கால்சியம் ஏராளம் என்று பாடத்தில் இருந்தது. அரை கிலோ நெத்திலிக் கருவாட்டைக் கோபுரமாகக் குவித்தேன். ஆறு இரட்டைப்படை ஆச்சே என்று ஏழாவதாக வெற்றிலை பாக்கு. (சம்பிரதாயத்தை விடவில்லை, பாருங்கள்!) எல்லாவற்றுக்கும் வண்ணத்தாளை நாலு சுற்று சுற்றி ரிப்பன் கட்டிவிட்டதால், உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

பெண் வீட்டில், ஐயர் முன்னால், பெண்ணின் அத்தை தட்டுகளைப் பிரித்தார். கிழங்கைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. கடலையைப் பார்த்து, “என்ன, விரதமா?” என்றார். அடுத்தது கருவாடு. ஐயர் மேல்துண்டால் மூக்கை மூடிக்கொண்டார்.

“ஐயையோ! சுபகாரியத்துல கருவாடா? எங்கள அவமானப்படுத்தவா வந்தீங்க?” என்று அத்தை கத்தினார்.

“ஆன்டி, அது மினரல்,” என்றேன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. “எலும்புக்கு ரொம்ப நல்லது.”

“உன் எலும்ப நான் எண்ணப்போறேன்டா,” என்று அண்ணன் பல்லைக் கடித்தார். அவர் கண் கலங்கியிருந்தது. ஐந்து வருடக் காதல். ரெண்டு வீட்டையும் சம்மதிக்க வைக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். பெண்ணின் அப்பா வேறு எழுந்து நின்றுவிட்டார். அப்போதுதான் நான் கருவாட்டை வண்ணத்தாளால் மறுபடி மூடப் பார்த்தேன்.

சத்தம் கேட்டு அறையிலிருந்து பெண்ணே வெளியே வந்தார். தட்டைப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“அப்பா, உட்காருங்க. நல்ல நெத்திலிப்பா, நாளைக்கு காரமா சம்பல் வெக்கலாம். எனக்கு இந்தக் குடும்பம்தான் வேணும்.”

அப்பா உட்கார்ந்தார். கருவாடு சமையலறைக்குப் போனது, ஐயரும் மந்திரத்தைத் தொடர்ந்தார். (இன்றைக்கும் சொல்கிறேன், என் கணக்கில் தப்பே இல்லை. தட்டுதான் தப்பு.)

போன வருடம் பந்திங் ஊரில் எனக்கு நிச்சயதார்த்தம். தட்டு மாற்றி, ஐயரும் கிளம்பியபின், அண்ணி ரிப்பன் கட்டிய தட்டு ஒன்றை என்னிடம் நீட்டினார். லட்டாக இருக்கும் என்று ஆசையாகப் பிரித்தேன். நெத்திலி!

“கால்சியம்!” என்று குடும்பமே கத்தியது. என்னைக் கட்டிக்கப்போகிறவள் திருதிருவென்று விழித்தாள். பாவம், எங்கள் வீட்டில் என் பேரே அதுதான் என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.