தியேகோ என்கிற நடுநிலைப் பெயர்

யார் எது கேட்டாலும் 'சரி' என்று சொல்லிவிடுகிற வியாதி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. சீட்டு கட்டச் சொன்னாலும் சரி, பாடல் குழுவில் பாடச் சொன்னாலும் சரி. (எனக்குப் பாட வராது. அது பாடல் குழுவுக்கும் தெரியும்.) அந்த வியாதி முற்றிப்போய் மாதா கோயிலுக்குள்ளேயே என் மானம் போனது.

வில்லியனூர் பக்கம் எங்கள் ஊர். நான் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தபோது, அப்பா ஒருநாள் கரும்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தார். காலில் சேறு. உட்காரக்கூட இல்லை.

"பாப்பா, பையன் பொறந்தா என் பேர வைக்கிறியா? எனக்கு நீ ஒருத்திதான். எனக்கு அப்புறம் யாகப்பன்னு கூப்புட ஒரு ஆளு இல்ல."

எதையும் வாய் திறந்து கேட்டுப் பழக்கமில்லாத மனிதர். "சரிப்பா" என்றேன்.

அடுத்த வாரம் மாமனார். பெயர் சந்தியாகு. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் எதையும் கேட்க மாட்டார், அறிவிப்பார். "மொதப் பேரனுக்கு அப்பன் வழித் தாத்தா பேருதாம்மா. எங்க வூட்டுல அதான் வழக்கம். சந்தியாகுன்னு வெச்சிடு, இன்னா?"

"சரி மாமா."

(பெண் குழந்தை பிறந்து என்னைக் காப்பாற்றிவிடும் என்று நம்பினேன். பையன் பிறந்தான்.)

என் வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். மல்லாட்டை உரித்துக்கொண்டே முழுவதையும் கேட்டார். "சரின்னு சொன்னது நீதான? நீயே பாத்துக்க" என்று கடைசிக் கடலையை வாயில் போட்டுக்கொண்டார்.

எனக்குத் தெரிந்த ஒரே வழி, இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத மூன்றாவது பெயர். ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டு மறு கையால் மொபைலில் தேட ஆரம்பித்தேன். தேடத் தேட ஆச்சரியமாக இருந்தது. அருளப்பனும் ஜானும் ஒன்றாம். ஜானைத் தட்டினால் ஷான், இவான், இயான் என்று ஒரு கும்பலே வந்து நின்றது. ராயப்பனும் பீட்டரும் ஒன்றாம். அப்படியானால் எங்கள் பக்கத்துத் தெருவில் பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிற பியேரும், அவரிடம் பேச்சுவார்த்தை இல்லாத எதிர்வீட்டு ராயப்பனும் ஒரே பெயர்க்காரர்கள். குழந்தை அழுவதைக்கூட மறந்து படித்தேன்.

இவ்வளவு துருவியவள் யாகப்பன், சந்தியாகு என்ற இரண்டை மட்டும் தேடவில்லை. நம் வீட்டுப் பெயரில் புதிதாக என்ன இருந்துவிடப் போகிறது என்ற இளக்காரம்.

கடைசியில் கிடைத்தது தியேகோ. ஸ்பெயின் தேசத்துப் பெயராம். எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்த ஒருவருக்கும் இல்லை, இரண்டு தாத்தாக்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நடுநிலை என்றால் இதுதான் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு ஞானஸ்நானப் படிவத்தில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு பெரியவர்களிடமும் மூச்சு விடவில்லை.

ஞானஸ்நானத்தன்று பங்குச் சாமியார் முறைப்படி கேட்டார்: "குழந்தைக்கு என்ன பெயர்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா "யாகப்பன்" என்றார். அதே நொடியில் மாமனார் "சந்தியாகு" என்றார், கடைசி சீட்டுக்கும் கேட்கிற கண்டக்டர் குரலில்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"என்கிட்ட சரின்னு சொல்லுச்சே சம்பந்தி" என்றார் அப்பா.

"என்கிட்டயுந்தான் சொல்லுச்சு."

வந்திருந்த சொந்தபந்தம் மொத்தமும் கழுத்தை நீட்டியது. சாமியார் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதில் தியேகோ என்றல்லவா போட்டிருக்கிறது?"

"அவன் எவன்?" என்றார் மாமனார்.

அப்பா கையிலிருந்த மெழுகுவத்தியைப் பெஞ்சின்மேல் வைத்துவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார். அவர் முதுகைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒருத்தர் மனசும் நோகக் கூடாது என்று கிளம்பி, இரண்டு பேர் மனசையும் ஒரே நேரத்தில் நோகடித்திருந்தேன்.

அப்போது பார்த்துச் சாமியாருக்குச் சிரிப்பு. "யாகப்பன், கொஞ்சம் நில்லுங்க. 'சந்த்' என்றால் புனிதர். சந்த் யாகு, சந்தியாகு. போர்த்துகீசியர் வாயில் புகுந்து வந்த உங்கள் பெயர்தான் அது. தியேகோவும் அதிலிருந்து உடைந்ததுதான் என்கிறார்கள். இங்கிலீஷில் ஜேம்ஸ், பிரெஞ்சில் ஜாக். எல்லாம் ஒரே பெயர்."

உலகத்தையே சுற்றிவிட்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கியிருக்கிறேன்.

"அப்ப எனக்குன்னு தனியா ஒரு பேரே இல்லியா ஃபாதர்?" என்றார் மாமனார், பறிகொடுத்தவர் மாதிரி.

அப்பா பாதி வழியில் நின்றபடி கேட்டார்: "சம்பந்தி பேரச் சொல்லிக் கூப்புட்டா, அதுல என் பேரும் வருதா?"

"வருது."

"அப்ப சரி" என்று திரும்பி வந்து மெழுகுவத்தியை எடுத்துக்கொண்டார். (என் வியாதி யார் வழியில் வந்தது என்று அன்றுதான் தெரிந்தது.)

தியேகோ என்றே ஞானஸ்நானம் ஆனது. ஆனால் அந்தப் பெயர் ஊரில் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. ஒரே வாரத்தில் தெரு அவனைத் தியாகு ஆக்கிவிட்டது. மாமனார் அதற்கு முன்னால் ஒரு 'சந்' சேர்த்துக்கொண்டார். அப்பா 'தி'யைக் கழற்றிப் போட்டுவிட்டு யாகு என்றார். அவன் எல்லாவற்றுக்கும் திரும்பிப் பார்த்தான்.

இப்போது சொந்தத்தில் யார் வீட்டுப் பெயர் வைப்புக்குப் போனாலும், என்னைக் கண்டதும் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள். அது என் மகன் கேட்ட கேள்வி. அவனை எல்.கே.ஜி. சேர்க்கப் போனபோது இரண்டு தாத்தாக்களும் கூடவே வந்திருந்தார்கள். டீச்சர் குனிந்து, "உன் பேர் என்ன கண்ணா?" என்றார்.

பையன் இந்தத் தாத்தாவைப் பார்த்தான், அந்தத் தாத்தாவைப் பார்த்தான்.

"எந்த வூட்டுல, மிஸ்?"