மனைவியின் பென்ஷனும் மாமாவின் உயிரும்

உயிரோடு இருக்கும் ஒருவரைச் சாகடிக்கப் பெரிய கோபமெல்லாம் தேவையில்லை. கொஞ்சம் கூச்சம் போதும். என் அக்கா புருஷனை நான் அப்படித்தான் சாகடித்தேன்.

என் மனைவி தேவி செருப்புக் கம்பெனியில் ஒன்பது வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்தவள். வேலையில் இருக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டாள். கம்பெனியில் கூப்பிட்டு, "அவங்க பி.எப்.லேருந்து உங்களுக்கு மாசா மாசம் பென்ஷன் வரும், பொண்ணுக்கும் தனியா வரும்" என்று விண்ணப்பப் பாரம் கொடுத்தார்கள். மகள் அப்போது நர்சிங் இரண்டாம் வருஷம். நான் அறுவடை மெஷின் ஓட்டுகிறவன். சீசன் முடிந்தால் கூலி கிடையாது. பென்ஷன் வராவிட்டால் அவள் படிப்பு நின்றுவிடும்.

ஆனாலும் பாரத்தை ஆறு மாதம் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தேன். உத்திரமேரூர் டீக்கடையில் ஒருவன் கேட்ட கேள்விதான் காரணம்: "இன்னா நைனா, பொண்டாட்டி செத்தும் உனுக்கு சோறு போடப் போறாளாமே?" (அவன் அன்றே மறந்திருப்பான்.)

மகளின் நச்சரிப்பு தாங்காமல் ஒருநாள் இரண்டு பஸ் மாறி பென்ஷன் ஆபீசுக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னும் பின்னும் பெண்கள். கவுன்ட்டரில் இருந்த மேடம், "பென்ஷன் யாருக்கு?" என்றார்.

என் வாய் தானாகச் சொன்னது: "எங்க அக்காவுக்கு."

"அப்போ அவங்களைக் கூட்டிட்டு வாங்க." (பாரத்தை நான் நீட்டவே இல்லை. நீட்டியிருந்தால் ஓர் உயிர் தப்பியிருக்கும்.)

அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். நானோ ஐயங்கார்குளம் போய், "ஆபீஸ்ல பேசணும், துணைக்கு வாக்கா" என்று மட்டும் சொல்லி மறுநாள் காலை அக்காவை அழைத்து வந்தேன். எனக்காகத் தைரியமாகப் பேசுவாள் என்று நினைப்பு. நெற்றி நிறையக் குங்குமம், தலையில் மல்லிகையோடு வந்தாள்.

மேடம் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "உங்க வீட்டுக்காரர் எப்பம்மா இறந்தாரு?"

"இன்னாது?" எல்லா கவுன்ட்டரும் திரும்பிப் பார்த்தது. "அவரு வூட்ல நாஷ்டா துன்னுகினு கீறாரு!" சொன்னதோடு விடாமல் போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். "யோவ், உயிரோடதான கீற?"

"இன்னாடி கேள்வி இது? சட்னி எங்க வெச்ச?" என்றார் மாமா.

வரிசை முழுக்கச் சிரித்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "பென்ஷன் எனக்குத்தான் மேடம். செத்தது என் சம்சாரம்."

சிரிப்பு நின்றது. அக்கா என் பக்கம் திரும்பினாள். "பொண்டாட்டியச் சொல்ல வெக்கப்பட்டுகினு என் தாலிய அறுத்துட்டியேடா, பாவி!" திட்டிக்கொண்டே அழுதாள். எனக்காக அழுதாளா, போனவளுக்காக அழுதாளா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

மேடம் கை நீட்டிப் பாரத்தை வாங்கிப் பார்த்தார். "ஆம்பளைக்கும் உண்டுங்க. இதுல என்ன வெட்கம்? அவங்க ஒன்பது வருஷம் உழைச்சதுக்கு வர்றது. அவங்க பேரைச் சொல்லுங்க, கம்ப்யூட்டர்ல ஏத்துறேன்."

"தேவி" என்றேன். அவள் போன பிறகு அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான். சரியாகக் கேட்கவில்லை என்றார். இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

பென்ஷன் வந்தது. மகள் படித்து முடித்து ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறாள். வருஷத்துக்கு ஒருமுறை நான் உயிரோடு இருப்பதாகக் கைரேகை வைத்துச் சான்று கொடுக்க வேண்டும். அன்று காலை மாமாவிடமிருந்து போன் தவறாமல் வந்துவிடும்.

"மச்சான், எனுக்கும் அப்படியே ஒரு சான்று வாங்கிகினு வா. உன்ன நம்பி உயிரோட இருக்க முடியாது."