டார்ச்லைட் அக்கா கதவை உடைத்த நாள்

பினாங்கில் பேய்க்குப் பயப்படாத நர்ஸுகள் உண்டு. நானே பிணவறைப் பக்கம் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு போகிறவள்தான். ஆனால் டார்ச்லைட் அக்காவுக்குப் பயப்படாத நர்ஸ் இந்தத் தீவிலேயே கிடையாது.

ஜார்ஜ் டவுனில் நான் வேலை பார்த்த தனியார் ஆஸ்பத்திரியில் அவர்தான் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. பட்டப்பகலில் டார்ச்லைட்டும் கையுமாக வருவார். கட்டிலுக்கு அடியில் அடிப்பார், அலமாரிக்குப் பின்னால் அடிப்பார். ஒருமுறை கொட்டாவி விட்ட டாக்டரின் வாய்க்குள்ளேயே அடித்துவிட்டார்.

"கை கழுவுனியா?" என்பார். ஈரக் கையை நீட்டிக் காட்டினால், "என்னைப் பாத்ததும் கழுவுன கை மாதிரில்ல இருக்கு" என்பார். மறுபடி கழுவுவோம். வேறு வழி?

சிரிப்பாகச் சொல்கிறேனே தவிர, அந்தப் பயம் எங்களோடு வீட்டுக்கும் வந்தது. சோறு இறங்காது, தூக்கம் வராது. ஊசி போடும்போதுகூட நோயாளியைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்போம். யாராவது சின்னதாகத் தப்புச் செய்தால் மூச்சுவிட மாட்டோம், மறைத்துவிடுவோம். இதற்குப் பெயர் தரமாம்!

வெளியிலிருந்து தரம் சோதிக்கும் ஆடிட் குழு வருகிற நாள் வந்தது. காலையிலேயே அக்கா முழங்கினார்: "நடைபாதையில ஒரு சாமான் நிக்கக் கூடாது. நின்னுச்சு, நான் மனுசியா இருக்க மாட்டேன்!"

கெப்பாலா பத்தாஸிலிருந்து வந்து போகிற புது நர்ஸ் கவிதா. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நடைபாதை ஓரத்தில் எப்போதும் ஒரு டிராலி நிற்கும். யாருக்காவது இதயம் நின்றுபோனால் ஷாக் கொடுக்கிற மெஷினும் மருந்தும் அதில்தான் இருக்கின்றன. அதை மட்டும் அசைக்கவே கூடாது என்பது எங்கள் முதல் பாடம். கவிதா பயந்த பயத்தில் அதைத்தான் முதலில் துணி அறைக்குள் தள்ளிப் பூட்டினாள்.

எங்கள் வார்டு நோயாளி, சுங்கை பினாங்கில் லோரி ஓட்டுகிற மாமா ஒருவர், கட்டிலில் சாய்ந்தபடி எங்கள் ஓட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். "என்னாம்மா, வார்டே மினுமினுங்குது? பொண்ணு பாக்க வர்றாங்களா லா?" என்று சிரித்தவர் பாதிச் சிரிப்பில் நின்றார். கண் மேலே சொருகிவிட்டது.

பாய்ந்து போய் நெஞ்சை அழுத்த ஆரம்பித்தேன். "டிராலி! டிராலி எங்க?" என்று கத்தினேன்.

அந்த நேரம் பார்த்து ஆடிட் குழுவோடு அக்கா உள்ளே நுழைந்தார். அவரைப் பார்த்ததும் கவிதாவுக்கு வாய் அடைத்துக்கொண்டது. ஒரு மனிதர் என் கைக்குக் கீழே போய்க்கொண்டிருக்கிறார், இவளோ சிலையாட்டம் நிற்கிறாள்!

"எங்க இருக்கு, சொல்லு!" அக்கா கவிதாவை நோக்கி ஒரு எட்டு வைத்தார். கவிதா பின்னால் ஒரு எட்டு போனாள். அக்கா அப்படியே நின்றுவிட்டார்.

"நான் திட்ட மாட்டேன்மா. எங்க வச்ச, கண்ணு?"

கவிதா துணி அறையைக் காட்டினாள். சாவியை எடுத்தாள், அது நழுவி அலமாரிக்கு அடியில் போய்விட்டது. அக்கா காத்திருக்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு உருளையைத் தூக்கி, ஆடிட் குழுவின் கண் முன்னாலேயே கதவுப் பூட்டில் ஓங்கி இடித்தார். அந்தக் குள்ள உருவத்துக்குள் அவ்வளவு பலம் எங்கேதான் இருந்ததோ! டிராலி வந்தது, டாக்டர் வந்தார், இரண்டாவது ஷாக்கில் மாமாவுக்கு நாடி திரும்பியது. நான் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் விசாரணை. டத்தோ பட்டம் பெற்ற எங்கள் டைரக்டர், "டிராலியை உள்ளே வைத்துப் பூட்டியது யார்?" என்றார். கவிதாவின் வேலை போகப்போகிறது என்று எல்லாருக்கும் தெரியும்.

அக்கா எழுந்தார். "என் மேல உள்ள பயம்தான் பூட்டுச்சு, டத்தோ. இந்தப் பொண்ணுக்கு எடம் தெரியும், சொல்ல வாய் வரல. அந்த வாய அடைச்சது நானு. பேர் எழுதணும்னா என் பேர எழுதுங்க."

கவிதாவின் வேலை தப்பியது. அக்காவுக்குத்தான் எச்சரிக்கைக் கடிதம்.

அடுத்த வாரம் வார்டு வாசலில் அக்கா நின்றார். உள்ளே வரவில்லை. "வரலாமா?" என்று கேட்டார், எங்களைவிடப் பயந்த குரலில். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கவிதாதான் போய் அவர் கையைப் பிடித்து, "வாங்கக்கா" என்று உள்ளே கூட்டி வந்தாள்.