நாகூர் கனி பிடித்த கை

மாப்பிள்ளைச் சட்டையின் மூன்றாவது பொத்தானோடு ரவூபின் கை நின்றுவிட்டது. விரல்கள் நடுங்கின. நெஞ்சு படபடவென்று அடித்தது. மூச்சு பாதி வழியிலேயே திரும்பி வந்தது.

"அஸ்மத்து, நான் செத்துடுவேன்டா."

"போன வாரமும் இதைத்தான் சொன்னே. அப்புறம் ரெண்டு தட்டு சோறு தின்னே," என்று சொல்லி, மீதிப் பொத்தான்களை அஸ்மத்தே போட்டுவிட்டான். இருவருக்கும் ஒரே துணிக்கடையில் வேலை, அதன் மாடியில் ஒரே அறை.

சிராங்கூன் சாலையில் டிராம் வண்டி மணியடித்துக்கொண்டு ஓடிய வருஷங்கள் அவை. கூட்டத்தைக் கண்டால் வரும் இந்தப் படபடப்புக்கு அப்போது யாரும் பேர் வைத்திருக்கவில்லை. சிலர் காத்துக் கருப்பு என்றார்கள், சிலர் வாயு என்றார்கள். ரவூப் அஸ்மத்தைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

இன்று மறைக்க வழியில்லை. நிக்காஹ் நேரத்தில் பெண்ணின் தகப்பனார் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டுதான் மகளைக் கொடுப்பதாகச் சொல்வார். பெண் ஜைனபின் தகப்பனார் மிளகு வியாபாரி நாகூர் கனி. மூத்த மகளுக்கு முதலில் பேசிய மாப்பிள்ளையை, கைகொடுத்தபோது விரல் நடுங்கியது என்ற ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பியவர். பேச்சு முடித்த அன்று ரவூப் இரண்டு கையிலும் துணிமூட்டையைச் சுமந்துகொண்டு நின்றதால் தப்பித்தான்.

ஜைனபை அவன் ஒரே ஒரு முறை பார்த்திருந்தான். கடைக்கு வந்து, அவன் விரித்த பதினெட்டுச் சேலைகளையும் வேண்டாம் என்றாள். பிறகு, "எல்லாத்தையும் நீங்க ஒருத்தரே மடிக்கணுமா, ஒரு முனைய நான் பிடிக்கிறேன்," என்றாள். அவளை இழந்துவிட்டு அந்தக் கடையில் இனி ஒரு சேலையைக்கூட மடிக்க முடியாது என்று ரவூபுக்குத் தோன்றியது.

"கோப்பி குடி, நிதானம் வரும்," என்றான் அஸ்மத்.

மூன்று கிளாஸ் குடித்தான். விரலில் இருந்த நடுக்கம் முழங்கைக்கு ஏறியது.

"அப்ப ஐஸ் வைப்போம். மரத்துப்போன கை ஆடாது."

மரத்தூள் ஒட்டிய ஐஸ் கட்டி வந்தது. கை மரத்தது. ஆனால் பற்கள் தாளம் போட ஆரம்பித்தன.

"வாயை மூடிக்கிட்டு இரு," என்றான் அஸ்மத்.

"மூடினா மூச்சு வரலைடா."

குதிரை வண்டியில் ஏறியதும் இன்னும் மோசமானது. முன்னால் பைத்து பாடுகிறவர்கள், இருபுறமும் ஜனங்கள், கழுத்து நிறைய மல்லிகை. பாதி வழியில் ரவூப் வண்டியை நிறுத்தச் சொன்னான்.

"கொஞ்சம் நடந்தா சரியாயிடும்," என்று இறங்கி வேகமாக நடந்தான். நெஞ்சு அடிக்க அடிக்க நடை ஓட்டமானது. பின்னால் பாட்டும் ஓடி வந்தது.

"மாப்பிள்ளை ஓடுறாரு," என்று எவனோ குரல் கொடுத்தான். பெண் வீட்டார் நான்கு பேர் பாய்ந்து வந்து, அவனை அப்படியே தூக்கிக்கொண்டு போய் நிக்காஹ் பாயில் உட்கார வைத்தார்கள். சாலையில் இருந்தவர்களும் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

எதிரே நாகூர் கனி. சிரிக்காத முகம்.

"பொண்ணு வேணாம்னு ஓடினீங்களா?"

"இல்ல மாமா. சீக்கிரம் வரணும்னு."

நிக்காஹ் நடத்திவைக்கும் லெப்பை இருவர் கையையும் சேர்த்து வைத்து, மேலே வெள்ளைக் கைக்குட்டையைப் போர்த்தினார். கைக்குட்டை துடித்தது. பிறகு நழுவிக் கீழே விழுந்தது. சபை முழுவதும் பார்த்தது.

ரவூப் இருக்கிற பலத்தை எல்லாம் கூட்டி இறுகப் பிடித்தான். ஆட்டம் நிற்கவில்லை. எல்லாம் முடிந்தது என்று நினைத்தான்.

"மாமா, மன்னிச்சிருங்க. எனக்கு எப்பவும் இப்படித்தான். மனசுல கள்ளம் ஒண்ணும் இல்ல," என்று மெல்லச் சொன்னான்.

நாகூர் கனி பதில் சொல்ல வாயைத் திறந்தார். உதடு அசைந்தது, குரல் வரவில்லை. நெற்றியில் வேர்வை வழிந்தது.

லெப்பை கைக்குட்டையை எடுத்து மறுபடியும் போர்த்தியபடி ரவூபின் காதோரம் குனிந்தார்.

"விட்டுடாதீங்க மாப்பிள்ளை. ஆடுறது உங்க கை இல்ல, கனியோட கை. கூட்டத்தைக் கண்டா முப்பது வருஷமா அவருக்கு இப்படித்தான். அந்த முதல் மாப்பிள்ளைய வேணாம்னதே, ரெண்டு கையும் ஆடினா யாரை யார் பிடிக்கிறதுன்னுதான்."