முகத்துச் சாயமும் மூக்குக் கண்ணாடியும்

இனிமேல் தனக்குப் பெண்டாட்டியே கிடையாது என்று டூர்கெய்ர் முடிவெடுத்தார். மூன்று நாளைக்கு மட்டும்.

காரணம் டிவிக்காரர்கள். அவருடைய பாட்டுக் குழுவைப் பற்றிப் பன்னிரண்டு நிமிடப் படம் எடுக்க நார்வேயின் பெர்கன் நகரத்திலிருந்து அவர்கள் தீவுக்கு வருகிறார்கள். பாட்டென்றால் தாலாட்டு இல்லை, பிளாக் மெட்டல். முகத்தில் பிணம் மாதிரி வெள்ளையும் கறுப்பும் பூசிக்கொண்டு தொண்டை கிழியக் கத்துவது. முப்பது வருஷமாக அவர் கத்தியதெல்லாம் தனிமையைப் பற்றித்தான். அப்படிப்பட்டவர் வீட்டில் மனைவி வாஃபிள் சுட்டுக்கொண்டிருந்தால் எவன் மதிப்பான்?

"ஒட்னி, அக்கரையில உன் அக்கா வாடகைக்கு விடற ரூம்ல மூணு நாள் இரேன். காட்டோரமா தனியா வாழறேன்னு அவங்ககிட்ட சொல்லிட்டேன்."

"எத்தனை வருஷமா?"

"முப்பது."

"நமக்குக் கல்யாணமாகி இருபத்தெட்டு. சரி, போறேன்."

கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தார். அவளோ கம்பளி பின்னும் பையைத் தூக்கிக்கொண்டு செவ்வாய்க்கிழமை காலைப் படகில் ஏறிவிட்டாள்.

அன்று மத்தியானம் வறட்டு ரொட்டியைக் கடித்துக்கொண்டே, "மழை விடவே இல்ல" என்றார். பதில் சொல்ல ஆளில்லை. புதன்கிழமை கை பழக்கத்தில் இரண்டு கோப்பை காப்பி ஊற்றியது. எதிர்க் கோப்பை ஆறுவதைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

வியாழன் காலை சாயம் பூச உட்கார்ந்தால் மூக்குக் கண்ணாடியைக் காணோம். இத்தனை வருஷமும் பூசிவிட்டது ஒட்னி என்பதே அப்போதுதான் ஞாபகம் வந்தது. போன் போட்டார்.

"கண்ணாடி என் பைக்குள்ள இருக்கு" என்றாள். "தனியா வாழற ஆளாச்சே, சமாளிச்சுக்கோ."

தடவித் தடவிப் பூசிக்கொண்டு கதவைத் திறந்தார். கேமராக்காரர் சட்டென்று குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினார். நிருபர் பெண் மட்டும் சிரிக்காமல் கேட்டாள்: "தனிமைன்னா என்னன்னு உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது?"

காடு, பனி, சாவு என்று முப்பது வருஷப் பாட்டும் தொண்டையில் தயாராக நின்றது.

"செவ்வாய்க்கிழமை" என்றார். கண்ணைச் சுற்றியிருந்த கறுப்பு தாடிவரை வழிந்தது.

படம் ஒளிபரப்பானபோது ஒட்னி பக்கத்தில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணு எப்படி அவ்வளவு சரியாக் கேட்டா?"

ஒட்னி பையிலிருந்து கண்ணாடியை எடுத்து அவர் மூக்கில் மாட்டிவிட்டாள். படம் முடிந்து, எடுத்தவர்களின் பெயர்கள் திரையில் ஓடின. டிவிக்காரர்கள் தங்கியது அவள் அக்கா வீட்டில் என்று போட்டிருந்தது. அடுத்த வரியையும் படித்தார்.

கேள்விகள்: ஒட்னி.