சுல்தானுக்கு ஒரு பாலைவனம்

குளிர்காலம் தொடங்குவதற்குள் என் வீட்டுப் பெரிய அறையில் உட்கார்ந்து ஒரு காபி குடித்துவிடுவது என்று தீர்மானித்தேன். ஐம்பத்தைந்து வயது ஆண்மகனுக்கு இதெல்லாம் ஒரு தீர்மானமா என்று சிரிப்பவர்கள் கைரவானில் குடும்பம் நடத்திப் பார்க்காதவர்கள்.

எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு அப்படி ஓர் அறை இருக்கிறது. வீட்டிலேயே பெரியது அதுதான். வெயில் வருவதும் அதில்தான். நல்ல கம்பளம், தங்க விளிம்புக் கோப்பைகள், வெள்ளைத் துணி போர்த்திய சோபாக்கள் எல்லாம் அங்கே இருக்கும். வீட்டுக்காரர்கள் மட்டும் இருக்க மாட்டார்கள். அது விருந்தாளிகளுக்கு. சாவி என் மனைவி தலந்தாவின் கழுத்துச் சங்கிலியில் தொங்கும். இருபத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் நான் அந்தச் சோபாவில் உட்கார்ந்ததெல்லாம் துக்கம் கேட்க ஆட்கள் வந்தபோதுதான். எனக்கு ஒரு நல்ல இருக்கை கிடைக்க வேண்டுமென்றால் சொந்தத்தில் ஒருவர் போக வேண்டியிருந்தது.

மற்ற நாட்களில் நடையில், சமையலறைக்கு எதிரே, ஒரு முக்காலி. அதில் உட்கார்ந்து நான் நிறைய யோசிப்பேன். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவன் நான். பாதி ஊருக்கு எல்லைக்கோடு கிழித்துக் கொடுத்தவன். என் வீட்டில் எனக்கு ஒரு முழம் இடம் இருக்கிறதா? இந்த வீட்டில் நான் யார்? விருந்தாளியாக இருந்தாலாவது உள்ளே விட்டிருப்பார்களே?

இப்படி யோசிக்கும்போதுதான் தலந்தா வருவாள்.

"யோசிச்சு முடிச்சாச்சா?"

"ஏன்?"

"பெரிய ரூமு சுவரு வேர்க்குது. ஜன்னல் இளிக்குது. குளியலறைக் குழாய் ராப்பகலா அழுவுது. இந்த வீட்டுல உணர்ச்சியே இல்லாதது நீங்க ஒருத்தர்தான்."

"அடுத்த மாசம் பாக்கலாம். இன்ஷா அல்லாஹ்."

"அல்லாஹ் எப்பவோ நாடிட்டான். நாடாதது நீங்கதான். உல்ஃபாவைப் பொண்ணு கேட்டு நாளைக்கு ஒரு குடும்பம் வந்தா அந்த ஈரச் சுவத்தையா காட்டுறது?"

உல்ஃபா எங்கள் ஒரே மகள். அவளைக் கேட்டு வரத்தான் போகிறார்கள். ஆனால் அது அடுத்த மாதம் இல்லையே என்று நான் மறுபடி யோசனைக்குத் திரும்புவேன்.

கோடை முடியும் சமயத்தில் தலந்தாவின் தம்பி நூரி தூஸிலிருந்து வந்தான். பாலைவனத்து ஆள். வரும்போதெல்லாம் பேரீச்சம்பழம் கொண்டு வருவான். இந்த முறை ஒரு சாக்கு. சாக்கு நகர்ந்தது.

"பயப்படாதீங்க மச்சான். ரோட்டோரமா கெடந்துச்சு. லாரி இடிச்சிருக்கும்போல. மனசு கேக்கல, தூக்கிட்டு வந்துட்டேன்."

சாக்கிலிருந்து ஒரு முள்வால் ஓணான் வெளியே வந்தது. முழங்கை நீளம். சாம்பல் நிறம். வாலில் வளையம் வளையமாக முட்கள். அது தன் பருத்த தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. வரி கட்டாத குடிமகனைப் பார்ப்பதுபோல் இருந்தது.

"சுல்தான் மாதிரி இருக்காரு," என்றாள் தலந்தா. எனக்கு அவள் ஒருநாளும் 'ரு' போட்டதில்லை. நான் எப்போதும் 'இந்த மனுஷன்'.

அந்த நொடியில்தான் என் மூளையில் விளக்கு எரிந்தது. பாலைவனத்துப் பிராணி. அதற்கு வெயில் வேண்டும். வெயில் எங்கே வருகிறது? பெரிய அறையில். ஓணான் உள்ளே போனால் அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் போக வேண்டும். அந்த ஆள் கையில் ஒரு காபிக் கோப்பை இருந்தால் யார் தடுக்கப் போகிறார்கள்?

இரவுச் சாப்பாட்டில் மெல்ல ஆரம்பித்தேன்.

"தலந்தா, இதைச் சும்மா ஒரு பெட்டியில போட்டா செத்துடும். அது பிறந்த மண்ணு மாதிரியே ஒண்ணு கட்டணும். மணல், பாறை, வளை, சூடான கல்லு, எல்லாம்."

"கட்டுங்க. மாடியில கட்டுங்க."

"மாடியில மழை பெய்யும்."

"நடையில?"

"நடையில நானே கஷ்டப்பட்டு இருக்கேன். தெக்கு ஜன்னல் வேணும். தெக்கு ஜன்னல் இருக்கிறது…" என்று இழுத்தேன்.

அவள் சங்கிலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "அதெப்படிங்க முடியும்? மனுஷங்களையே விடுறதில்ல."

"மனுஷங்களை விட வேணாம். பாவம், வாயில்லாத ஜீவன்."

ரொட்டியை ஹரிஸ்ஸா மிளகாய் விழுதில் தோய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள். "ஆனா அந்தச் சுவருல ஈரமாச்சே. இவருக்கு ஈரம் ஆகாதுன்னு நூரி சொன்னானே."

"சுவத்தை நான் பூசிடறேன்!"

"ஜன்னல்ல காத்து வருதே."

"மாத்திடறேன்!"

"அங்க இருக்கிற பிளக்குல நெருப்புப் பொறி பறக்குது. விளக்கு எப்படிப் போடுவீங்க?"

"புது ஒயர் இழுக்கறேன்!"

"என்னமோ பண்ணுங்க," என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். சமையலறையிலிருந்து ஏதோ பாட்டு முணுமுணுக்கிற சத்தம் வந்தது. தோற்றவர்களும் பாடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளே வேலையில் இறங்கினேன். பழைய காரையைக் கொத்தினேன். சுண்ணாம்பு குழைத்தேன். ஜன்னல் சட்டத்தைக் கழற்றிச் செதுக்கி நீலம் அடித்தேன். பக்கத்து வீட்டு லஸ்ஹர் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தான்.

"என்ன ஃபெர்ஜானி, பொண்டாட்டி வேலை வாங்கறாளா?"

"அவளுக்காக யாரு செய்யறா? ஓணானுக்கு."

"பொண்டாட்டிக்குப் பூசினா யாருகிட்டயும் சொல்லலாம்டா. ஓணானுக்குப் பூசினேன்னு வெளிய சொல்லாத."

அவனை ஓரமாக இழுத்து என் திட்டத்தைக் காதில் சொன்னேன். லஸ்ஹருக்கும் வீட்டில் ஒரு பூட்டிய அறை இருக்கிறது. அவன் கண் கலங்கிவிட்டது. "எனக்கும் ஒரு ஓணான் கிடைக்குமா?" என்றான்.

சுவர் காய்ந்ததும் சுல்தானின் ராஜ்யத்தைக் கட்ட ஆரம்பித்தேன். இங்கே நான் கொஞ்சம் பெருமை பேசிக்கொள்ள அனுமதி வேண்டும். வாழ்நாளெல்லாம் அடுத்தவன் நிலத்தை வரைந்தவனுக்கு முதல் தடவையாகத் தானே ஒரு நிலத்தை உண்டாக்கும் வாய்ப்பு. அளவு போட்டு வரைந்தேன். பக்கம், மேல், குறுக்கு எல்லாம் வரைந்தேன். முன்னால் கண்ணாடி, பின்னால் பலகை, மேலே காற்றுக்குக் கம்பி வலை. பலகையில் களிமண்ணும் சுண்ணாம்பும் அப்பி, மணல் தூவி, மழை அரித்த மலைச்சரிவைப்போல் செதுக்கினேன். ஒரு மூலையில் விளக்குக்குக் கீழே தட்டைக் கல். நடுப்பகல் பாலைபோல் சுடும். எதிர் மூலையில் நிழல். நடுவில் காய்ந்த சவுக்குக் கிளை ஒன்று, இரண்டு புல் தூறு. உச்சியில் ஒரு பெரிய பாறை.

ஒத்திகைக்குச் சுல்தானை உள்ளே விட்டேன். குடும்பமே நின்று பார்த்தது. சுல்தான் என் கலையை ஒருமுறை பார்த்தார். நேராகப் பெரிய பாறைக்கு அடியில் போய்த் தோண்ட ஆரம்பித்தார். மணல் சரிந்தது. பாறை சாய்ந்தது. மலை முழுவதும் படபடவென்று கீழே வந்தது. புழுதி அடங்கியதும் இடிபாட்டின் மேல் சுல்தான் நின்றுகொண்டிருந்தார்.

"அத்திவாரம் போடாம பாறையை மணல் மேல வச்சிருக்கு இந்த மனுஷன்," என்றாள் தலந்தா மகளிடம். "எத்தனை பேரு வீட்டுக்கு இது வரைபடம் போட்டுச்சோ, அல்லாஹ் காப்பாத்தணும்."

மறுபடி கட்டினேன். முதலில் பாறைகளை அடிப்பலகையிலேயே ஊன்றினேன். பிறகுதான் மணல். அதிலும் களிமண் கலந்து, நனைத்து, இறுக்கிக் காயவைத்தேன். வளைக்காக ஒரு மண்குழாயைச் சாய்வாகப் புதைத்தேன். இந்த முறை சுல்தான் தோண்டினார், தோண்டினார், ஒரு கல்லும் அசையவில்லை. அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் ஒரு மரியாதை இருந்தது. என் வீட்டில் அந்தப் பார்வையை நான் அதற்குமுன் கண்டதில்லை.

ஒரே ஒரு பயம் மிச்சமிருந்தது. தலந்தாவின் அக்கா தங்கைகள். செய்தி கேள்விப்பட்டால் கூட்டமாக வந்து என் சோபாவில் உட்கார்ந்துவிடுவார்கள். அதற்கும் வேலி போட்டேன்.

"தலந்தா, ஒண்ணு சொல்லிடறேன். இந்தப் பிராணிக்குச் சத்தம் ஆகாது. முக்கியமா குளிர் வந்ததும் வளைக்குள்ள போய்த் தூங்கிடும். வசந்தம் வரைக்கும் விளக்கு போடக் கூடாது. நடமாட்டம் கூடாது. கதவையே திறக்கக் கூடாது. திறந்தா உயிருக்கே ஆபத்து."

"யாருமே போகக் கூடாதா?"

"யாருமே!"

"என் தங்கச்சி வந்தா?"

"யாரா இருந்தாலும்!"

"இன்னொரு தடவை சொல்லுங்க. உல்ஃபாவும் கேட்டுக்கட்டும்."

சொன்னேன். மேசையைத் தட்டி அழுத்தமாகச் சொன்னேன்.

அடுத்த நாள் காலை தலந்தா கழுத்திலிருந்து சாவியைக் கழற்றினாள். அவள் கையாலேயே கதவைத் திறந்துவிட்டாள். நான் உள்ளே நுழைந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான். ஜன்னல் வழியாக வெயில் கம்பளத்தின்மேல் விழுந்திருந்தது. சோபாவில் உட்கார்ந்தேன். ஆரஞ்சுப்பூ நீர் இரண்டு சொட்டு விட்ட காபி, அதுவும் தங்க விளிம்புக் கோப்பையில், அவளே கொண்டுவந்து வைத்தாள். எதிரே சுல்தான் தட்டைக் கல்லில் ஏறிப் படுத்தார். உடம்பு சூடாகச் சூடாக அந்தச் சாம்பல் நிறம் மெல்ல மெல்ல மஞ்சளாக மாறியது. கடைசியில் தோல் எலுமிச்சம்பழம்போல் ஒளிர்ந்தது. எனக்குள்ளும் ஏதோ அப்படித்தான் நிறம் மாறியது. அந்த இலையுதிர்காலக் காலைகள் முழுவதும் நாங்கள் இரண்டு பேரும் இப்படியே வெயில் காய்ந்தோம். அவருக்கு உதிர்ந்த பூவும் பயறும். எனக்கு மக்ரூத் இனிப்பு. நான் யோசிப்பதையே நிறுத்திவிட்டேன்.

ஆலிவ் பறிப்பு தொடங்கியபோது உல்ஃபாவைப் பெண் கேட்டு ஒரு குடும்பம் வந்தது. பையனின் அம்மாவைப் பற்றி ஊரே சொல்லும்: எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரைத் தொட்டுப் பார்ப்பாள். தொட்டாள். விரலைப் பார்த்தாள். காய்ந்த, வெள்ளையான சுவர். முகம் மலர்ந்தது. பையனின் அப்பா சி திஜானி சோபாவில் உட்காரவே இல்லை. கண்ணாடிக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டுவிட்டார்.

"சுப்ஹானல்லாஹ்! இதை யாரு செஞ்சது?"

நான் தொண்டையைச் செருமினேன். தலந்தா முந்திக்கொண்டாள். "எல்லாம் இவரு கையாலதான். இந்தச் சுவரு, ஜன்னல், விளக்கு, எல்லாமே. ஒரு வாயில்லாத ஜீவனுக்கே இப்படிப் பண்ணுவாரு. பொண்ணுக்கு என்னதான் பண்ண மாட்டாரு?"

"இப்படிப்பட்ட வீட்டுலதான் சம்பந்தம் வைக்கணும்," என்றார் சி திஜானி எழுந்திருக்காமலேயே. அங்கேயே எல்லோரும் கையேந்தி ஃபாத்திஹா ஓதிச் சம்பந்தத்தை உறுதி செய்தோம். கண்ணாடிக்குள்ளிருந்து சுல்தானும் தலையை இரண்டு முறை ஆட்டினார். மகள் வெட்கப்பட்டாள். நான் அந்த அறையின் நடுவே, என் சுவருக்கும் என் ஜன்னலுக்கும் இடையே, மார்பை நிமிர்த்தி நின்றேன். என் ஐம்பத்தைந்து வருடத்தில் அப்படி நின்றதில்லை.

அந்த வாரமே குளிர் இறங்கியது. ஒரு காலை சுல்தான் வளைக்குள் போனார். வெளியே வரவில்லை.

மறுநாள் கோப்பையோடு போனேன். கதவு பூட்டியிருந்தது. சாவி சங்கிலியில் இருந்தது.

"தலந்தா, கதவு…"

"உஷ்! மெதுவாப் பேசுங்க. அவரு தூங்கறாரு."

"தெரியும். நான் சும்மா ஓரமா…"

"யாருமே போகக் கூடாதுன்னு மேசையைத் தட்டிச் சொன்னது யாரு?"

"அது உன் தங்கச்சிங்களுக்குச் சொன்னது!"

"யாரா இருந்தாலும்னீங்க. உயிருக்கே ஆபத்துன்னீங்க. நான் ஏங்க அந்தப் பாவத்தைக் கட்டிக்கணும்?" முக்காலியைத் துடைத்து என் பக்கம் தள்ளினாள். "இங்க உக்காருங்க. வசந்தத்துல எழுந்துப்பாரு."

உட்கார்ந்தேன். மறுபடி யோசனை வந்தது. ஆனால் இந்த முறை கசப்பாக இல்லை. மூன்று சுவருக்கு அப்பால் என் பாலைவனம் இருக்கிறது. அதில் ஒரு கல்கூட அசையாது. மகளுக்கு நல்ல இடம் அமைந்திருக்கிறது. வசந்தத்தில் கதவும் திறக்கும். மொத்தத்தில் கணக்குப் பார்த்தால், ஒரு மனைவியை ஒரு கணவன் இவ்வளவு தூரம் வென்றது எங்கள் தெருவிலேயே இதுதான் முதல் தடவை. லஸ்ஹரே ஒப்புக்கொண்டான்.

அப்போது போன் அடித்தது. தூஸிலிருந்து நூரி.

"மச்சான், நல்லாயிருக்கீங்களா? ஒண்ணுமில்ல, அக்கா இந்தத் தடவை நீராமை கொண்டுவரச் சொல்லியிருக்கா. உங்க குளியலறைக் குழாய் அப்படி ஒழுகுதாமே?"