தூதுவரோடு மாலை மாற்றிய கதை

அடுத்தவர் எப்படி வணக்கம் சொல்ல வேண்டும் என்று பாடம் எடுப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை. அரசியல் தலைவர் ஒருவர் வெளிநாட்டில் யாருக்கோ இடுப்பு வரை குனிந்த படம் வெளிவந்தபோது, இரணைமடுச் சந்தித் தேநீர்க்கடையில் நான்தான் வெளிவிவகார அமைச்சர். "மரியாதை குடுக்கலாம், குனியக்கூடாது!" என்று கத்தியே தொண்டை கட்டிவிட்டது.

அந்த வாய்க்கு விரைவிலேயே சோதனை வந்தது. நெல் காயவிட ஒரு சீமெந்துத் தளம் வேண்டுமென்று எங்கள் கமக்காரர் அமைப்பு கேட்டிருந்தது. (அதுவரை ரோட்டில்தான் பரப்பினோம். லொறிக்காரரின் ஏச்சு இலவசம்.) அதைத் தரக்கூடிய ஐரோப்பிய நாடொன்றின் தூதுவர் அம்மையார் நேரில் வருவதாகச் செய்தி வந்தது. அமைப்பின் தலைவர் நான். மாலை போடும் பொறுப்பும் என்னுடையது.

"அவா கை நீட்டினா குடுங்கோ. விறைச்சுக்கொண்டு நிண்டு தளத்தைக் கெடுத்துப்போடாதேங்கோ," என்றாள் மனைவி.

"கையும் குடுக்கமாட்டன், குனியவும் மாட்டன். மாலை, வணக்கம், அவ்வளவுதான்."

மேளதாளத்தோடு வந்த அம்மையாருக்கு மாலை போட்டேன். அவர் சிரித்தபடி அதைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். (செய்த மரியாதையைத் திருப்பிச் செய்ய வேண்டுமென்று அவருக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்களாம்.) விருந்தாளியின் மாலையை நான் வைத்திருப்பதா? திரும்பவும் அவருக்கே போட்டேன். அவர் எனக்குப் போட்டார். நான் விடுகிற ஆளா? மூன்றாம் முறையும் போட்டேன். அவரும் போட்டார்.

உடனே தவில்காரர் கெட்டிமேளம் அடித்தார்.

கூட்டம் கைதட்டியது. எங்கிருந்தோ பூ வேறு வந்து விழுந்தது. நான் தவில்காரரை முறைத்தேன்.

"மூண்டு தரம் மாலை மாத்தினா கை தானா அடிக்குது அண்ணை," என்றார் அவர்.

ஆலாத்தித் தட்டோடு நின்ற மனைவி அமைதியாகக் கேட்டாள்: "இஞ்சருங்கோ, ஆலாத்தி இப்ப எடுக்கவோ, ரெண்டு பேரும் வீட்டை வந்தாப்பிறகு எடுக்கவோ?"

மொழிபெயர்ப்பாளர் அதையும் விடாமல் மொழிபெயர்த்தார். தளம் போயிற்று என்றே நினைத்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மையாரோ கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, என் மனைவிக்குக் கைகூப்பிக் குனிந்து மன்னிப்புக் கேட்டார். பதறிப்போய் நானும் குனிந்தேன். அந்தத் தலைவரைவிட ஆழமாகவே குனிந்தேன் என்பதற்குப் படம் தேநீர்க்கடையில் இருக்கிறது.

தளமும் வந்து சேர்ந்தது. ஊரில் அதற்குப் பெயர் 'சீதனத் தளம்'. அதில் நெல் காயும்போது வானம் இருட்டினால், இன்றைக்கும் குசினியிலிருந்து மனைவியின் குரல் வரும்:

"இஞ்சருங்கோ, உங்கட சீதனம் நனையப்போகுது. ஓடிப்போய் அள்ளுங்கோ!"